சம்பளம் வாங்கி நின்ற குளிரில் காசு கொடுத்துப் படுத்தேன்: ஏற்காட்டு மேட்டில் ஒரு டென்ட் இரவு

மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "அப்பா, பொங்கல் லீவுக்கு ஏற்காட்டுல டென்ட் புக் பண்ணிட்டேன், எல்லாருக்கும் சேர்த்து." நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏன், ரூம் கிடைக்கலையா?"

ரூம் கிடைத்ததாம். ஆனால் பேரனுக்கு டென்ட்தான் வேண்டுமாம். பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,600 ரூபாய், பையனுக்கு 900. நானும் வீட்டுக்காரம்மாவும், மகளும் மாப்பிள்ளையும், பேரனும். மொத்தம் 7,300. இந்தப் பணத்துக்குச் சுவரும் இல்லை, கட்டிலும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பதினோரு வருடம் ஏற்காட்டு மலைக் கிராமங்களில்தான் கழிந்தது. ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், சைக்கிள் டியூபில் சுற்றிய டார்ச்சோடு இரவு முழுக்க நடந்திருக்கிறேன். இந்த மலையின் குளிரில் நிற்க எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதே குளிரில் படுக்க நாங்கள் பணம் கட்டுவதா என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டேதான் வண்டியில் ஏறினேன். அந்த மனநிலையோடு எழுதியது இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேம்ப்பின் பெயரை எழுதப் போவதில்லை. நடத்துகிற பையன்கள் நல்ல பிள்ளைகள். குறைகளை நேரிலேயே சொன்னேன், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்கள். தவிர, தோட்டத்திலும் மேட்டிலும் டென்ட் போட்டு வாடகைக்கு விடுகிறவர்கள் இவர்கள் மட்டுமல்ல. யாரிடம் போனாலும் பார்க்க வேண்டிய விஷயங்கள் இவைதான்.

சேலம் அஸ்தம்பட்டியில் கிளம்பும்போது மதியம் ஒன்றரை. அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகள். பேரன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தான், பதினான்காவதில் வாந்தி எடுத்தான், பதினைந்திலிருந்து மறுபடி எண்ணினான். ஏற்காட்டு ஒண்டிக்கடை சந்திப்பில் டீ. அங்கிருந்து சேர்வராயன் கோயில் போகிற சாலையில் கொஞ்ச தூரம் போய், பிரிந்து, தார் ரோடு முடிந்து மண் பாதை. எங்கள் காரை ஒரு காபிக் களத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, அவர்களுடைய ஜீப்பில் ஏற்றினார்கள். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் ஜீப்பில்தான். முதுகுத்தண்டில் தேய்மானம் உள்ளவர்கள் அந்தத் தூரத்தை நடந்துவிடுவது நல்லது. நான் நடந்தேன். ஜீப்பும் நானும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

ஜனவரியில் அந்த வழியாக நடப்பதே ஒரு சுகம். காபிப் பழம் பறிக்கும் காலம். தோல் உரித்த சக்கையின் புளித்த வாசனை, களத்தில் காயும் கொட்டை, சில்வர் ஓக் மரங்களில் தலைவரைக்கும் ஏறி நிற்கும் மிளகுக் கொடி. தோட்டம் முடிந்ததும் சட்டென்று மரங்கள் நின்றுபோய், மேலே ஒரு புல்மேடு. கையகலக் கல்லும் காய்ந்த புல்லுமாக, நல்ல அகலமான சமவெளி. மேற்கே விளிம்பு வரைக்கும் வெறும் வானம்தான். இந்த இடத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. பேரன் ஜீப்பிலிருந்து குதித்து ஓட ஆரம்பித்தவன், நிறுத்த ஒரு சுவர்கூட இல்லாததால் ஓடிக்கொண்டே இருந்தான். பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் வளர்கிற பிள்ளை அப்படி ஓடியதைப் பார்த்தபோது 900 ரூபாய் அங்கேயே வசூலாகிவிட்டது.

மலை தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் உச்சிப் பகுதிகள் பல இடங்களில் கூம்பாக இல்லாமல் மேஜை மாதிரி தட்டையாக இருக்கும். சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்குள் இருக்கிற கோயில் மேடும் அப்படித்தான், 1,600 மீட்டருக்குச் சற்று மேலே. மேல்தோல் முழுக்க இறுகிய செம்பாறை. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஒரு காலத்தில் பாக்சைட் வெட்டிக்கொண்டு போனது இந்த மாதிரி மேடுகளிலிருந்துதான். பார்க்க மண் போலச் சிவப்பாக இருக்கும், கடப்பாறை போட்டால் டங்கென்று திருப்பி அடிக்கும். ஒரு போஸ்ட்டுக்குக் குழி எடுக்கச் சமவெளியில் ஆகிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆகும் எங்களுக்கு.

டென்ட்டோடு கொடுத்த முளைகள் சுண்டு விரலைவிட மெலிந்த அலுமினியக் கம்பி. அந்தச் செம்பாறையில் அடித்தால் என்ன ஆகும்? நான் எண்ணிப் பார்த்தவரை எங்கள் இரண்டு டென்ட்டுக்கும் சேர்த்துப் பதினாறு முளைகள். நேராக இறங்கியவை ஐந்து. மற்றவை கொக்கி மாதிரி வளைந்திருந்தன. பையன்கள் அதைச் சரிசெய்யும் விதம், முளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கல்லை வைப்பது. காற்று இல்லாத இரவாக இருந்ததால் தப்பித்தோம். "காத்து அடிச்சா என்னப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "பெரிய கல்லா வைப்போம் சார்" என்றான். இருப்பதிலேயே மூத்தவன் அவன், வயது இருபத்து மூன்று.

சரி, டென்ட் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பேர் படுக்கலாம் என்று சொல்லும் அரைக்கோள டென்ட். மூன்று பேர் என்பது மூன்று மெலிந்த பேர், பை எதுவும் இல்லாமல். இரண்டு பேர் படுத்தால் நிம்மதி. துணி பரவாயில்லை, கிழிசல் இல்லை, ஜிப் ஒழுங்காக ஓடியது. மேல் விரிப்பு மட்டும் தலைக்குத் தொப்பி போட்ட மாதிரி உச்சியை மட்டும் மூடியது, பக்கங்கள் திறந்தே கிடந்தன. மழை நாளில் இது போதாது.

உள்ளே படுக்கைக்கு ஒரு யோகா பாய், விரல் கனம்கூட இல்லை. அதன்மேல் ஸ்லீப்பிங் பேக். துவைத்து வெயிலில் போட்ட வாசனை வந்தது. இதற்காகவே ஒரு மதிப்பெண் கூடக் கொடுக்கலாம், மகள் முன்பு போன வேறோர் இடத்தில் பீடி வாசனை வந்ததாகச் சொன்னாள். ஆனால் குளிர் விஷயத்தில் எல்லோரும் செய்கிற தப்பை இவர்களும் செய்கிறார்கள். குளிர் மேலிருந்து வருவதாக நினைத்து, இன்னொரு கம்பளி கேட்டால் மேலே போர்த்தக் கொடுக்கிறார்கள். மலையில் படுத்தவனைக் கொல்வது தரை. ஸ்லீப்பிங் பேக்கில் அடைத்த பஞ்சு, நடுவில் காற்று நிற்கிற வரைக்கும்தான் சூடு காக்கும். நம் எடைக்கு அடியில் பஞ்சு அப்பளமாகிவிடும். அப்புறம் பாறை நம் உடம்புச் சூட்டை இரவு முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளியை அடியில் போட வேண்டும். அதைவிட நல்லது அட்டைப் பெட்டி. அந்தக் காலத்தில் மழை இரவில் சப்-ஸ்டேஷன் தரையில் படுக்க நேர்ந்தால் மின்சாமான் வந்த அட்டையைப் பிரித்து விரிப்போம், அரை அங்குல அட்டை ஒரு மெத்தைக்குச் சமம். சமையல் கொட்டகைக்குப் பின்னால் முட்டை அட்டையும் எண்ணெய்ப் பெட்டி அட்டையும் குவிந்து கிடந்தன. மாப்பிள்ளை கொஞ்சம் கூச்சப்பட்டார், "மாமா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். பார்க்கட்டும். நள்ளிரவில் அவரே எழுந்து போய் இன்னும் இரண்டு அட்டை எடுத்து வந்தார்.

அடுத்தது, டென்ட் போட்ட இடம். என் பெரிய வருத்தம் இதில்தான். மேட்டின் நடுவில் தாம்பாளம் மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. புல் அங்கே மட்டும் கொஞ்சம் பச்சை, தரையும் சமமாக இருக்கும், படம் எடுத்தால் அழகாக வரும். பத்து டென்ட்டையும் அதில்தான் வட்டமாகப் போட்டிருந்தார்கள். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கும். பனி இறங்குவதும் அங்கேதான் அதிகம். இது படித்துத் தெரிந்துகொண்டதல்ல, மலையில் விடியற்காலை பைக் ஓட்டிய யாருக்கும் முழங்கால் சொல்லும், எந்த வளைவில் குளிர் நிற்கிறது என்று.

எங்கள் இரண்டு டென்ட்டையும் மேலே மாற்றித் தரச் சொன்னேன். பையன்களுக்குப் புரியவில்லை. "இதுதான் சார் பெஸ்ட் ஸ்பாட்" என்றார்கள். கடைசியில் நானும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுபோய், முப்பது அடி மேலே, இரண்டு கொய்யா மரங்களுக்குப் பக்கத்தில் வைத்தோம். அதற்கு இன்னும் கொஞ்சம் தள்ளி நல்ல நிழலாக ஒரு சில்வர் ஓக் வரிசை இருந்தது. மகள் அங்கே வைக்கலாம் என்றாள். சில்வர் ஓக்கின் கீழ் நான் படுக்க மாட்டேன். காற்றடித்தால் முதலில் கிளை ஒடிந்து கம்பி மேல் விழுகிற மரம் அது. என் பதினோரு வருடத்தில் பாதி ராத்திரியை அது சாப்பிட்டிருக்கிறது.

பேரனிடம் அவன் பள்ளிக்கூடப் பரிசோதனைக்கு வாங்கிய சின்ன டிஜிட்டல் வெப்பமானி இருந்தது. அதிகாலை நாலரை மணிக்கு, அவனும் தூங்காமல் நானும் தூங்காமல், இரண்டு பேரும் அளந்தோம். கொய்யா மரத்தடியில் 13 டிகிரி. பள்ளத்தில் 11. இரண்டு டிகிரி என்பது படிக்கச் சின்ன விஷயம். விடிந்ததும் பள்ளத்து டென்ட்டுகள் குளத்திலிருந்து எடுத்த மாதிரி சொட்டிக்கொண்டிருந்தன, எங்களுடையது ஓரளவு காய்ந்திருந்தது.

ஓரளவு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளே ஈரம் இருந்தது. குளிருக்குப் பயந்து வீட்டுக்காரம்மா ஜிப்பை ஒரு இடுக்கு விடாமல் இழுத்து மூடியிருந்தாள். எங்கள் மூச்சிலிருந்த ஈரம் துணியில் பட்டுக் குளிர்ந்து, இரண்டு மணிக்கு மூக்கில் சொட்டியது. பக்கத்து டென்ட்டிலிருந்து பேரன் குரல்: "தாத்தா, எங்க டென்ட்டுக்குள்ள மட்டும் மழை பெய்யுது." மேல் ஜன்னலையும் கீழே வாசலில் நாலு விரற்கடை ஜிப்பையும் திறந்துவிடச் சொன்னேன். திறந்தால் குளிரும் என்று தோன்றும். ஈரமான போர்வையில் படுப்பதைவிட அது மேல். டென்ட் கொடுக்கும்போதே பையன்கள் இதைச் சொல்லியிருக்கலாம், ஒரு வாக்கியம்தான்.

இனி, நான் உண்மையிலேயே குரல் உயர்த்திய இரண்டு இடங்கள்.

ஒன்று கரண்ட். சமையல் கொட்டகையிலிருந்து புல்மேல் ஒரு ஒயரை இழுத்து, டென்ட்டுகளைச் சுற்றிச் சீரியல் லைட் போட்டிருந்தார்கள், போன் சார்ஜ் செய்ய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பார்க்கத் திருவிழா மாதிரி இருந்தது. ஒயரில் மூன்று இடத்தில் ஜாயின்ட், மூன்றும் வெறும் இன்சுலேஷன் டேப். ஒரு ஜாயின்ட் சரியாக மிதிபடும் இடத்தில், அதன் மேலேயே பனி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூடி இல்லாமல் புல்லில் மல்லாந்து கிடந்தது, சின்னப் பிள்ளைகள் வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஈரத்தரை, வெறுங்கால், 230 வோல்ட். கொட்டகையில் போய்ப் பார்த்தேன், கசிவு வந்தால் தானே அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் இல்லை, எர்த் கம்பி பெயருக்குத் தொங்கியது. நான் யாரையும் கேட்கவில்லை, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

ஒரே சத்தம். பக்கத்து டென்ட் கூட்டத்தில் ஒருத்தர், "என்னங்க அங்கிள், மூடைக் கெடுக்கறீங்க" என்றார். நான் என்ன வேலை பார்த்தவன் என்று மாப்பிள்ளை சொன்னதும் அமைதியானார்கள். கேம்ப் பையன் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, "சார், என்ன வாங்கணும்னு எழுதிக் குடுங்க" என்றான். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, ஜாயின்ட் இல்லாத மூன்று கோர் கேபிள், தண்ணீர் புகாத பிளக் பாக்ஸ், ஆளுயரத்துக்கு மேல் ஒயரைத் தூக்க நாலு கம்பு, ஒழுங்கான எர்த். அவன் வாங்கிவிட்டதாகப் பிறகு மகளுக்கு படம் அனுப்பியிருந்தான். படத்தில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, கம்பு இல்லை.

இரண்டாவது, கனல். பத்து மணிக்கு அதே பையன் ஒரு பெயின்ட் டப்பாவில் கேம்ப் ஃபயரின் தணலை அள்ளிக்கொண்டு வந்தான். "அம்மாவுக்குக் குளிருதுன்னாங்க, டென்ட்டுக்குள்ள வெச்சுக்கங்க." பாசத்தில்தான் கொண்டுவந்தான், திட்ட மனசு வரவில்லை. ஆனால் மூடிய டென்ட்டுக்குள் தணல் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, புகை இருமல்கூட வராது. தூக்கத்திலேயே ஆள் போய்விடும். டப்பாவை வாங்கித் தண்ணீர் ஊற்றினேன். "வேற யாருக்காவது குடுத்தியா?" என்று கேட்டேன். ஒரு டென்ட்டுக்குக் கொடுத்திருந்தான். இரண்டு பேரும் ஓடிப்போய் எடுத்து வந்தோம்.

வீட்டுக்காரம்மாவுக்கு வேறு வழி செய்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் பாட்டிலில் கொதிநீரை ஊற்றி, மூடியை இறுக்கித் துண்டில் சுற்றிக் காலடியில் வைத்தேன். மூன்று மணி வரை சூடு நின்றது.

சாப்பாடு. மாலையில் மிளகாய் பஜ்ஜியும் டீயும், குறை இல்லை. இரவு சப்பாத்தி, கோழிக் குழம்பு, சோறு. குழம்பு பிரமாதம், உள்ளூர் அம்மா ஒருவர் வைத்தது, இந்த மலை மிளகின் காரம் தொண்டையில் இறங்கியது. சோறு மட்டும் நடுவில் அரிசியாக நின்றது. கேட்டதற்குப் பரிமாறிய பையன், "ஹைட்டுல வேகாது சார்" என்றான். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியில் கொதிக்கும், உண்மைதான். அதற்காக இன்னும் ஐந்து பத்து நிமிடம் அடுப்பில் விட வேண்டும், அவ்வளவுதான். இமயமலையில் இருக்கிறவர்களும் சோறு சாப்பிடுகிறார்கள்.

காலையில் இட்லி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இட்லியோடு கொடுத்த காபியைப் பற்றி நிறைய இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து காபி விளைகிற மலை. ஜீப் நின்ற இடத்திலேயே களம் நிறைய அரபிகா காய்ந்துகொண்டிருக்கிறது. எனக்குக் கப்பில் வந்தது பாக்கெட் இன்ஸ்டன்ட் பவுடர். மாம்பழ சீசனில் சேலத்துக்கு வந்தவனுக்கு மாம்பழ எசென்ஸ் கொடுத்த மாதிரி. பக்கத்துத் தோட்டத்தில் கால் கிலோ வறுத்து அரைத்து வாங்கி வைத்தால் என்ன? இந்த ஒரு குறையைச் சொன்னபோதுதான் பையன்களுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

நல்லவேளையாக நாங்கள் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட்டுக்கான சாமான் வாங்கிக்கொண்டு போயிருந்தோம். தட்டுவடை, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு சட்னி. கேம்ப் ஃபயர் பக்கத்தில் மகள் செட் போட்டுக் கொடுக்க, மூடைக் கெடுத்த அங்கிளிடம் வந்து கை நீட்டியது அதே பக்கத்து டென்ட் கூட்டம்தான்.

கழிவறை இரண்டு, ஒன்று இந்தியன், ஒன்று வெஸ்டர்ன், பள்ளத்திலிருந்து நூறு அடி. சுத்தமாக இருந்தது, தண்ணீர் வந்தது, வாளி உடையவில்லை. போகிற வழியில் மட்டும் விளக்கு இல்லை. காட்டெருமை நடமாடுகிற மலை இது. விடிந்ததும் பார்த்தால் கழிவறைக்கு நாற்பது அடி தள்ளிப் புதுச் சாணமும் கைப்பிடி அகலக் குளம்புத் தடமும் இருந்தன. அதைப் பார்த்துப் பேரனுக்கு மகிழ்ச்சி, ராத்திரி ஒரு மணிக்குத் தனியாகப் போய்விட்டு வந்த மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்தது. தனியே போகாதீர்கள், டார்ச் இல்லாமல் போகாதீர்கள் என்று மாலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் பதினொன்றரை வரை. விதி பத்து மணி என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். போர்டுக்குக் கீழேதான் ஸ்பீக்கர் இருந்தது.

அது நின்ற பிறகு வந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. சீரியல் லைட் ஏற்கெனவே என் பாக்கெட்டில் அணைந்திருந்தது. தணலும் அடங்கியது. கண் பழகப் பழக வானம் கீழே இறங்கி வந்தது. கார்த்திகைக் கூட்டம் மேற்கே சாய்ந்திருந்தது, அதற்குப் பின்னாலேயே திருவாதிரையின் செந்நட்சத்திரம். பேரன் போனில் ஏதோ ஆப்பைத் தூக்கிப் பிடித்து அதற்கு வேறு பெயர் சொன்னான், பாட்டி அவள் அம்மா சொல்லித்தந்த பெயரைச் சொன்னாள், இரண்டு பேரும் ஒரே நட்சத்திரத்தைக் காட்டித்தான் சண்டை போட்டார்கள்.

எனக்கு வானத்தைவிடத் தரைதான் பிடித்தது. மேற்கு விளிம்பில் போய் உட்கார்ந்தால் கீழே ஓமலூர்ப் பக்கத்து வெளிச்சம் முழுக்கத் தெரிகிறது. தருமபுரி போகிற நெடுஞ்சாலையில் வண்டி விளக்குகள் எறும்பு வரிசை. தூரத்தில் மேட்டூர்த் திசையில் ஒரு மங்கல். வேலையில் இருந்தவரைக்கும் நான் கம்பியைத்தான் பார்த்தேன், கம்பி முடிகிற இடத்தைப் பார்த்ததில்லை. திடீரென்று ஒரு மூலை மட்டும் பொட்டென்று இருண்டது. "ஃபீடர் ட்ரிப் ஆகியிருக்கு, அந்த ஏரியா லைன் தானா ஆஃப் ஆயிருக்கு. எங்கயாச்சும் கிளை உரசியிருக்கும். நாலு நிமிஷத்துல வந்துடும்" என்றேன் மாப்பிள்ளையிடம். அவர் போனில் நேரம் பார்த்தார். மூன்றாவது நிமிடம் வெளிச்சம் வந்தது. பன்னிரண்டு வருட மருமகன், முதல் தடவையாக என்னிடம் என் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டார். ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ரூம் போட்டிருந்தால் டி.வி. பார்த்திருப்போம்.

காலையில் பனி மூட்டம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி விளிம்பு வரை வந்து நின்றது. நிலத்துக்காரர் பால் கேனோடு வந்தார், மலையாளி என்கிற இந்த மலைப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர். என்னை இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தார். "லைன்மேன்தானுங்க நீங்க? எங்க ஊட்டுக்கு மொதமொத லைட் போட்டது நீங்கதானே. இங்க எதுக்குங்க படுத்தீங்க, ஊட்டுக்கு வந்திருக்கலாமில்ல?" காசு கட்டிப் படுத்தேன் என்றதும் அவர் சிரித்த சிரிப்பு பள்ளம் வரை கேட்டது. ஈரம் சொட்டும் டென்ட்டுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாட்டைக்கூட நாங்க அந்தப் பள்ளத்துல கட்ட மாட்டோமுங்க."

பையன்கள் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த இரண்டு வருடத்தில் இந்த மனிதரிடம் எங்கே டென்ட் போடலாம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம். கேம்ப் ஃபயரில் பேய்க் கதை சொன்னார்கள். அதற்குப் பதில் இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மே மாதச் சேர்வராயன் திருவிழாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் நான் இன்னொரு 500 ரூபாய் கொடுத்திருப்பேன்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை போகலாம். குரங்குக் குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ், ஆளுக்கொரு டார்ச், அடியில் விரிக்க வீட்டுச் சமுக்காளம் எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் இருந்து கிளம்பும்போது வேர்க்கும், அதை நம்பி ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி என்ற கணக்கில் குறையும், சேலம் 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500-இல். ஏப்ரல், மே மாதம் கோடை இடிமழை நேரத்தில் இந்த மாதிரி மொட்டை மேட்டில் படுக்கவே வேண்டாம். "இடி வந்தா எங்க போவீங்க?" என்று கேட்டதற்கு, "டென்ட்டுக்குள்ள போயிடுவோம் சார்" என்றார்கள். மின்னலுக்கு டென்ட் ஒரு துணி, அவ்வளவுதான். முதல் உறுமல் கேட்டதுமே கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். இவர்களிடம் இருப்பது தகரக் கொட்டகையும் மேலே திறந்த ஜீப்பும்.

கிளம்பும்போது பையன் வந்து, "சார், அஞ்சு ஸ்டார் போடுங்க" என்றான். மூன்று போட்டேன். அந்த மூன்றும் அந்த மேட்டுக்கும், துவைத்த ஸ்லீப்பிங் பேக்குக்கும், குழம்பு வைத்த அம்மாவுக்கும். பேரன் அவன் அம்மா போனில் ஐந்து போட்டுவிட்டான், அது அவன் இஷ்டம்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால், வளைந்துபோன முளைகளில் ஒன்று துண்டோடு சேர்ந்து வந்திருக்கிறது. கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூடவே சேலம் லீ பஜார் பக்கம் போய், ஆறு அங்குல இரும்பு ஆணி இரண்டு கிலோ.